வெளிநாட்டு உதவியால் வறுமை குறைகிறதா? கேள்வி பதில்

கேள்வி: அதிக உதவி பெறும் நாடுகள் ஏழை நாடுகளாகவே நீடிக்கின்றனவே, உதவிதான் வளர்ச்சியைக் கெடுக்கிறது எனலாமா, ஐயா?

பதில்: அப்படி முடிவுகட்ட முடியாது. பஞ்சமோ போரோ தாக்கி வளர்ச்சி தேங்கிய நாட்டுக்கே உதவி கூடுதலாகப் போகிறது என்பதால், எது காரணம், எது விளைவு என்று புள்ளிவிவரங்களிலிருந்து பிரித்தறிவது கடினம். நல்ல பொருளாதாரக் கொள்கை உள்ள நாடுகளில் உதவி வளர்ச்சியைக் கூட்டுகிறது என்று 2000-இல் கிரெய்க் பர்ன்சைடு, டேவிட் டாலர் என்ற பொருளாதார அறிஞர்கள் எழுதிய கட்டுரை பெரும் செல்வாக்குப் பெற்றது. ஆனால் ஈஸ்டர்லி, லெவைன், ரூட்மன் ஆகியோர் மேலும் பல தரவுகளைச் சேர்த்து 2004-இல் அதே கணக்கைப் போட்டுப் பார்த்தபோது, அந்த முடிவு நிலைக்கவில்லை.

கேள்வி: மார்ஷல் திட்டம் ஐரோப்பாவை மீட்டதே?

பதில்: இரண்டாம் உலகப் போரில் சிதைந்த மேற்கு ஐரோப்பாவுக்கு, இத்திட்டத்தின்கீழ் அமெரிக்காவால் 1948 முதல் ஏறத்தாழ 1,300 கோடி டாலர் வழங்கப்பட்டது உண்மை. ஆனால் தொழில்திறனும் நிர்வாகமும் அங்கே முன்பே இருந்தன.

கேள்வி: அப்படியானால் உதவி வீண் செலவா?

பதில்: இல்லை. பெரியம்மை ஒழிந்துவிட்டதாக 1980-இல் அறிவிக்கப்பட்டதில் பன்னாட்டு உதவிக்குப் பெரும் பங்குண்டு. 2003-இல் அமெரிக்கா தொடங்கிய எய்ட்ஸ் நிவாரணத் திட்டம் பல லட்சம் உயிர்களைக் காத்தது. மருந்து எது என்பது தெரிந்திருக்கும்போது, அது உரியவரைச் சேர்ந்ததா என்று சரிபார்க்கவும் முடியும்போது, உதவி பலன் தருகிறது. நம்பகமான நீதிமன்றத்தையோ ஊழலற்ற வரித்துறையையோ அப்படி வெளியிலிருந்து அனுப்பிவைக்க இயலாது. நீடித்த வளர்ச்சிக்கு அவையே அடிப்படை. (நோயிலிருந்து பிழைத்த குழந்தைகளால் மக்கள்தொகை கூடுவதால், தனிநபர் வருமானக் கணக்கில் மருத்துவ உதவியின் வெற்றி சில காலம் தோல்வியாகக்கூடத் தெரியலாம்.) ஆகவே வளர்ச்சி விகிதத்தை மட்டும் வைத்து உதவியை அளப்பது நியாயமில்லை என்பதே என் கருத்து.

கேள்வி: கொடுக்கும் நாட்டின் சுயநலம் பலனைக் குறைக்கிறதா?

பதில்: நிச்சயமாக. மலேசியாவின் பெர்காவ் அணைக்குப் பிரிட்டன் தந்த நிதி ஆயுத விற்பனையோடு பிணைந்திருந்தது. திட்டம் பொருளாதார ரீதியில் தேறாது என்று அதிகாரிகளே எச்சரித்திருந்தனர். அந்த நிதி சட்டவிரோதமானது என்று 1994-இல் லண்டன் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொருள்களைத் தன்னிடமே வாங்க வேண்டும் என்று கொடையாளி விதிக்கும் நிபந்தனையால் செலவு 15 முதல் 30 விழுக்காடு வரை கூடுகிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு.

கேள்வி: ஏழைகளின் கையில் நேரடியாகப் பணமாகவே கொடுத்துவிட்டால், குடித்தே அழித்துவிட மாட்டார்களா?

பதில்: கென்யாவில் நடந்த ஆய்வில் மது, புகையிலைச் செலவு கூடவில்லை, உணவும் கால்நடை போன்ற சொத்துகளுமே கூடின. எனினும் சாலையையும் மருத்துவமனையையும் தனிக் குடும்பம் வாங்கிவிட முடியாது என்பதால், அரசு செய்ய வேண்டிய பணிகளுக்கு இது மாற்றாகாது.