வீட்டுத் தோட்டத்தில் ஆஸ்திரேலிய அத்தி

கேள்வி: எங்கள் வீட்டின் பின்புறத்தில் சிறிய தோட்டம் உள்ளது. பூங்காக்களில் காணும் மோர்ட்டன் பே அத்தியை அங்கே நடலாமா?
– வாசகி, சிட்னி

பதில்: நட வேண்டாம். பலகைபோல் விரியும் வேர்களும் மிக அகன்ற கிளைப் பரப்பும் கொண்ட அந்த மரம், நீரைத் தேடிக் கழிவுநீர்க் குழாய்களுக்குள் புகுந்துவிடும். வளர்ந்தபின் வெட்ட நினைத்தாலோ உள்ளூர் கவுன்சிலின் அனுமதி தேவைப்படலாம். போர்ட் ஜாக்சன் அத்தியும் தரையில் பெரிதாகும் என்றாலும், சிட்னியின் மணற்பாறை இடுக்குகளில் வேரூன்றிப் பழகிய மரம் என்பதால் தொட்டியில் போன்சாயாக வளர்க்க ஏற்றது.

உங்களுக்கு நான் பரிந்துரைப்பது, கிழக்கு ஆஸ்திரேலியாவின் ஓடைக்கரைகளில் வளரும் உப்புத்தாள் அத்தி. அதன் இலையைத் தடவினால் நம் பேயத்தி இலையைப் போலச் சொரசொரக்கும். பூர்வகுடி மக்கள் மரக்கருவிகளை மெருகேற்ற உப்புத்தாள் அத்தியின் இலையையே பயன்படுத்தினர். கருஊதா நிறத்தில் பழுக்கும் பழத்தின் தோலில் நுண்ணிய முடிகள் இருப்பதால், உரித்துத் தின்பது நல்லது. ஆண், பெண் மரங்கள் தனித்தனியானவை என்பதையும், பெண் மரத்தின் பழமே உண்ணத் தக்கது என்பதையும், மகரந்தச் சேர்க்கைக்கு இதற்கென்றே உள்ள சிறு குளவி தேவை என்பதையும் பலர் கவனிப்பதில்லை. ஆகவே விதைக்கன்றை விட, காய்க்கும் பெண் மரத்தின் போத்தை (நடுவதற்கு வெட்டிய கிளைத்துண்டை) வாங்குங்கள். பாதி நிழலும் ஈரப்பதமும் உள்ள இடத்தில், குழாய்களிலிருந்து விலக்கி நட்டு, மண்ணின் மேல் மூடாக்கு இடுங்கள். பழங்களில் ஒரு பங்கு பறவைகளுக்கும் வௌவால்களுக்கும் போகும். அதைத் தடுக்க முயல வேண்டாம்.