மரத்தடியில் உறங்குகிறவன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பீட்டர் புரூகலின் ‘அறுவடை செய்வோர்’ ஓவியத்தைப் பாராட்டி எழுதியிருந்தீர்கள். தேடிப் பார்த்தேன், ஏமாற்றமாக இருந்தது. ஒரு கூட்டம் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுகிறது, ஒருவன் காலை விரித்துத் தூங்குகிறான். அறுவடை இடுப்பை ஒடிக்கும் வேலை. பணக்காரர் வீட்டுச் சுவருக்கு வரைந்ததால் உழைப்பை மறைத்துவிட்டாரா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பணக்காரர் வீட்டுக்கு வரைந்தது உண்மைதான். ஆன்ட்வெர்ப் வணிகர் நிக்லேஸ் யோங்கெலிங்க் தம் மாளிகைக்காக 1565-இல் வரையச் சொன்ன பருவகால வரிசையில் இது ஒன்று. ஆனால் காசு கொடுத்தவரை வைத்துப் படத்தை எடைபோட வேண்டாம்.

அந்தத் தூங்குகிறவனையே மறுபடி பாருங்கள். உடுப்பைத் தளர்த்திவிட்டு, பேரிமரத்தடியில் மல்லாந்து கிடக்கிறான். சுகவாசி இப்படித் தூங்கமாட்டான். காலையிலிருந்து வெயிலில் வெந்தவன், நிழல் கிடைத்ததும் அடித்துப்போட்டதுபோல் விழுந்து கிடக்கிறான். அருகில் சாப்பிடுகிறவர்களிடமும் விருந்துக் களை இல்லை. ரொட்டியிலும் கிண்ணத்திலும்தான் கவனம். உழைப்பை அரிவாள் பிடித்த கையில் மட்டும் தேடினால் இதைத் தவறவிடுவோம். அது உடம்பில் என்ன மிச்சம் வைக்கிறது என்பதைத்தான் புரூகல் வரைந்திருக்கிறார்.

இடப்பக்கம் வேலை நிற்கவில்லை. நீண்ட பிடி அரிவாளை வீசி அறுக்கிறார்கள். கதிர் கிட்டத்தட்ட ஆள் உயரம். இன்றைய குட்டைரகக் கோதுமையைப் பார்த்துப் பழகிய நமக்கு, அது அறுக்க அறுக்கத் தீராத சுவர்போல் தெரிகிறது. பயிருக்கு நடுவே வெட்டிய பாதையில் ஒருவன் குடிக்கக் குடுவை சுமந்து வருகிறான். இன்னொரு குடுவை, சூடேறாமலிருக்க, அறுக்காத கதிர்களின் நிழலில் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. எனக்கு இந்தப் படத்தில் மிகவும் பிடித்தது அதுதான். வயலில் நின்று பார்க்காதவருக்கு அது தோன்றியிருக்காது.

ஐரோப்பியப் பிரார்த்தனை நூல்களில் மாதத்துக்கொரு வேலையைச் சிறிய படமாக வரைவது பழைய வழக்கம். புரூகல் அதை ஒன்றரை மீட்டருக்கும் அதிக அகலமுள்ள மரப்பலகைக்குக் கொண்டுவந்தார். புனிதர்களுக்கும் மன்னர்களுக்கும் தந்துவந்த பரப்பை அறுவடைக் கூலிகளுக்குத் தந்தது சிறிய காரியமா?

வரிசையில் எஞ்சியவை ஐந்து. இது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, மூன்று வியன்னாவில். பிராகில் உள்ள ஐந்தாவதையும் தேடிப் பாருங்கள். அது புல் அறுப்புக் காலம். வாரியைத் தோளில் சாய்த்து நடக்கும் மூன்று பெண்களில் நடுவில் வருபவள், நம்மை நேருக்கு நேர் பார்க்கிறாள். அவளைப் பற்றி உங்களுக்கு என்ன தோன்றுகிறதென்று எழுதுங்கள்.