அப்பாவுக்குச் சொல்லாமல் சித்தப்பாவுக்குக் கோல் எடுக்கலாமோ?

கடும் வருத்தத்தில இருக்கிற அப்பா, ரொறன்ரோவில இருக்கிற தன்ரை தம்பியோட வந்த பழைய காணி வேலிச் சண்டையைச் சொல்லிப் புலம்புறார் எண்டு கேட்டிருக்கிறியள். சொல்லாமல் கோல் எடுத்து ஃபோனைக் கையில குடுக்காதேங்கோ. முதல்ல அப்பாட்டையே கேளுங்கோ: "சித்தப்பாவோட கதைக்கப் போறியளோ, இல்லாட்டி நான் சொல்லிவிடவோ?" ரெண்டாவது எண்டால் வற்புறுத்த வேண்டாம். அவர் சொல்லுறதை ஃபோனில பதிஞ்சு வட்ஸ்அப்பில அனுப்பினாலும் காணும்.

வேலிச் சண்டையைப் பற்றி அவர் தொடங்க, "அதையெல்லாம் விடுங்கோ அப்பா" எண்டு சொல்லியிருக்கிறியள். அதாலதான் அவர் பேச்சை நிப்பாட்டுறார் போல. நாங்கள் ஆறுதல் எண்டு சொல்லுறம், அவருக்குக் கதை முடிஞ்சுது எண்டுதான் படும். இனி "பிறகு?" எண்டு மட்டும் கேட்டுப் பாருங்கோ.

நேரமும் முக்கியம். மோர்ஃபின் சிரப் குடிச்சு 30 முதல் 60 நிமிசத்தில நோ குறையும், அப்ப கோல் எடுங்கோ. இஞ்சை இலங்கையில காலமை 7.30 எண்டால் ரொறன்ரோவில முதல்நாள் இரவு 10 மணி, குளிர்காலத்தில 9. பத்து நிமிசத்துக்கு மேல இழுக்காதேங்கோ. காணி உறுதி, எல்லைக்கல் கதை எடுக்க வேண்டாம் எண்டு சித்தப்பாட்டை முன்னமே சொல்லி வையுங்கோ.

இந்தப் புலம்பல் ரெண்டு மூண்டு நாளுக்குள்ள திடீரெண்டு தொடங்கி, இரவில கூடி, நாள் கிழமையும் தடுமாறினால் அது மனத்தாங்கல் மட்டுமில்லை. மலச்சிக்கல், சலத்தில கிருமி, மருந்து, எதாலயும் குழப்பம் வரும். அண்டைக்கே டொக்டருக்குச் சொல்லுங்கோ.