சத்துணவு முதல் சொட்டு மருந்து வரை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பள்ளியில் மதிய உணவைக் கொண்டுவந்தது காமராஜரா, எம்.ஜி.ஆரா? வீட்டில் தினமும் இதே வாக்குவாதம்.

இருவருக்கும் முன்பே, 1920-ல், பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடத் தொடங்கியது. காமராஜர் 1956-ல் அதை மாநிலத் திட்டமாக்கினார். எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1-ல் திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் தொடங்கிவைத்தது சத்துணவுத் திட்டம். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் என்றால், கேள்வியில் 'மதிய உணவு' என்று கேட்டிருக்கிறார்களா, 'சத்துணவு' என்றா என்று நிதானமாகப் படியுங்கள்.

பலரும் விட்டுவிடும் தேதி ஒன்று உண்டு: 2001 நவம்பர் 28. அரசு, அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவே தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்ட நாள். அதுவரை பல மாநிலங்களில் மாதம் 3 கிலோ தானியத்தை அளந்து கொடுத்து அனுப்பிவிடுவார்கள். வீட்டுக்குப் போகும் தானியம் எல்லோருக்கும் பங்காகிவிடும். தட்டில் விழும் சூடான சோறு அந்தப் பிள்ளையின் வயிற்றுக்கே போகும். என்னைக் கேட்டால், நம் நலத்திட்ட வரலாற்றில் இதைவிடப் பெரிய உத்தரவு கிடையாது.

வாக்குப்பதிவு மை ஏன் அழிவதில்லை?

அதில் வெள்ளி நைட்ரேட் இருக்கிறது. தோலில் உள்ள உப்போடு சேர்ந்து, வெளிச்சம் பட்டதும் கறுத்து ஒட்டிக்கொள்ளும். 1962 பொதுத்தேர்தலிலிருந்து இதைத் தயாரிப்பது கர்நாடக அரசின் மைசூர் பெயின்ட்ஸ் நிறுவனம்.

தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு 40 நாள் ஆகிறது. பதிலே இல்லை. புதிதாக மனுப் போடவா?

வேண்டாம். மனு அலுவலகத்துக்குக் கிடைத்த நாளிலிருந்து 30 நாள்தான் கெடு. ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரம். கெடு முடிந்துவிட்டால், பதில் தராததையே மறுப்பாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு எழுதுங்கள். உங்களுக்கு இன்னும் சுமார் 20 நாள் இருக்கிறது. அங்கும் நடக்கவில்லை என்றால் 90 நாளுக்குள் தகவல் ஆணையம்.

மனு அலுவலகத்துக்குக் கிடைத்ததைக் காட்டும் ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள். அதில் உள்ள தேதிதான் உங்கள் ஆதாரம். கெடு தாண்டிய பிறகு கொடுக்கும் நகல்களுக்குப் பக்கக் கட்டணம் வாங்கக் கூடாது, 7(6) பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது. காரணமின்றித் தாமதித்த தகவல் அலுவலருக்கு ஆணையம் நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 வரை அபராதம் போடலாம். 'எதற்கு இந்தத் தகவல்?' என்று யாராவது கேட்டால் காரணம் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. தயங்காதீர்கள், கேட்பது உங்கள் உரிமை. மத்தியச் சட்டம் வந்தது 2005-ல். அதற்கு 8 ஆண்டு முன்பே, 1997-ல், இப்படியொரு சட்டத்தை முதலில் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு.

எங்கள் ரேஷன் அட்டையில் என்.பி.எச்.எச். என்று இருக்கிறது. அரிசி நின்றுவிடுமா?

நிற்காது. 'முன்னுரிமை இல்லாத குடும்பம்' என்பதுதான் அதற்கு அர்த்தம். 2013 தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் முன்னுரிமைக் குடும்பங்களுக்கு மாதம் தலைக்கு 5 கிலோவும், அந்தியோதயா என்ற மிக ஏழைக் குடும்பத்துக்கு 35 கிலோவும் தானியம் தருகிறது. தமிழ்நாட்டில் அனைவருக்குமான பொது விநியோகம் இருப்பதால் உங்களுக்கும் அரிசி உண்டு. கடைசியில் எஸ் என்ற எழுத்து சேர்ந்திருந்தால் அது சர்க்கரை அட்டை, அதற்கு அரிசி வராது.

போலியோ ஒழிந்துவிட்டதே, இன்னும் எதற்குச் சொட்டு மருந்து?

2009-ல் நம் நாட்டில் 741 பேருக்குப் போலியோ வந்தது. உலகத்தில் அந்த ஆண்டு பாதிக்கப்பட்டவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர். இரண்டே ஆண்டில், 2011 ஜனவரி 13-ல், மேற்கு வங்கத்தின் ஹவுராவில் ஒரு பெண் குழந்தையோடு அது நின்றது. ரயிலிலும் பேருந்து நிலையத்திலும் செங்கல் சூளையிலும் குழந்தைகளைத் தேடிப் போய் மருந்து விட்ட ஊழியர்களால் நடந்தது இது. உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது 2014 மார்ச் 27-ல். ஆனால் பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் வைரஸ் இன்னும் இருக்கிறது. பயணம் செய்பவர் யாரோடு வேண்டுமானாலும் அது வந்து சேரலாம். அதனால், முகாம் நாளில் வீட்டில் 5 வயதுக்குள் குழந்தை இருந்தால், போன தடவை கொடுத்திருந்தாலும் கூட்டிப்போங்கள்.