எண் அதே, எடை அதே, கல் மட்டும் வேறு

கேள்வி: வக்கீல் ஐயாவுக்கு வணக்கம். மூன்று வருடங்களுக்கு முன், இயற்கை வைரம் என்ற ஆய்வகச் சான்றிதழோடு ஒரு மோதிரம் வாங்கினேன். போன மாதம் அளவைக் குறைக்க வேறொரு பட்டறையில் கொடுத்து, நான்கு நாளில் திரும்ப வாங்கினேன். காப்பீட்டுக்காகக் கல்லைக் கழற்றிச் சோதித்தபோது, அது சி.வி.டி. முறையில், அதாவது வாயுவிலிருந்து கார்பனைப் படியவைத்து, ஆய்வகத்தில் வளர்த்த வைரம் என்று அறிக்கை வந்தது. விற்ற கடைக்காரரோ, “பட்டறையில் கல்லை மாற்றியிருப்பார்கள், இல்லாவிட்டால் சூடு பட்டு மாறியிருக்கும். எப்படியும் அதுவும் வைரம்தானே” என்கிறார். இரண்டு அறிக்கைகளையும் இணைத்திருக்கிறேன். யார் மேல் வழக்குப் போடுவது?

பதில்: கடைக்காரர் கடைசியாகச் சொன்னதை முதலில் முடித்துவிடுவோம். அதுவும் வைரம்தான், சரி. அதே கார்பன், அதே கடினம். கடையில் முனையை வைத்ததும் ‘பீப்’ என்று கத்தும் கருவி வெப்பம் கடத்துவதைத்தான் பார்க்கிறது; வளர்த்த கல்லுக்கும் அது கத்தும். ஆனால் நீங்கள் வாங்கியது ‘இயற்கை வைரம்’. விவரம் சொல்லி விற்ற பொருள் அந்த விவரத்துக்குப் பொருந்த வேண்டும் என்பது விற்பனைச் சட்டத்தின் அரிச்சுவடி. ஐ.எஸ்.ஓ. 18323 என்ற 2015-ஆம் ஆண்டுச் சர்வதேசத் தரநிலையும், அடைமொழி இல்லாமல் ‘வைரம்’ என்றாலே இயற்கை வைரம்தான் என்கிறது. தரநிலை சட்டமாகிவிடாது, தொழில் வழக்கம் எது என்று காட்ட உதவும். அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2018-இல் வைரத்துக்கான விளக்கத்திலிருந்து ‘இயற்கை’ என்ற சொல்லை நீக்கியதை எதிர்த்தரப்பு எடுத்துக்காட்டலாம். வளர்த்த கல் என்பதை வாங்குபவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பதை அதே ஆணையம் நீக்கவில்லை.

சூட்டுக்கதைக்கு வலு கிடையாது. பட்டறை நெருப்பில் வைரத்தின் மேற்பரப்பு கருகி மங்கலாம். கண்ணாடி ஊற்றி விரிசலை மறைத்த கல்லாக இருந்தால் அந்த நிரப்பு கெட்டுப்போகும். பழுப்பு வைரத்தை நிறமற்றதாக்க ஆய்வகத்தில் ஏறக்குறைய 2,000 டிகிரி வெப்பமும் பல்லாயிரம் மடங்கு வளிமண்டல அழுத்தமும் கொடுக்கிறார்களே, அதில்கூட மாறுவது நிறம்தான். கல் எங்கே எப்படி வளர்ந்தது என்ற தடம் உள்ளேயே இருக்கும். உங்கள் புது அறிக்கையில் அந்தத் தடம் இருக்கிறது. ஆழ்ந்த புற ஊதா ஒளியில் அடுக்கடுக்காகக் கோடுகள், 737 நானோமீட்டரில் சிலிக்கான் கொடுக்கும் ஒளிக்கோடு. சிலிக்கான் பெரும்பாலும் வாயுவில் கல் வளர்க்கும் கலத்தின் பாகங்களிலிருந்து வந்து சேர்வது. இயற்கைக் கல்லில் அபூர்வமாக அது இருக்கலாம் என்பதால், இரண்டையும் சேர்த்துத்தான் வாதிட வேண்டும்.

பட்டறையில் மாற்றினார்களா? வழக்கே இதில்தான். நீங்கள் அனுப்பிய இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பழையதில் 0.71 காரட், விட்டம் 5.72 - 5.75 மி.மீ., உயரம் 3.54. புதியதிலும் அதே எடை, அதே விட்டம். உயரத்தில் மட்டும் 0.01 வித்தியாசம். கல்லின் இடைவிளிம்பில் லேசரில் பொறித்த சான்றிதழ் எண்ணும் அதேதான். ஆனால் ஒளிர்வு, அதாவது புற ஊதா ஒளி பட்டால் கல் ஒளிர்கிறதா என்ற வரிக்கு வாருங்கள். பழையதில் ‘நடுத்தர நீலம்’, புதியதில் ‘இல்லை’. நீல ஒளிர்வு நைட்ரஜன் கலந்த இயற்கைக் கல்லில் சகஜம்; பட்டறைக்குப் போய் வந்ததால் அணைந்துபோகிற விஷயம் அல்ல.

ஆக, சான்றிதழ் பெற்ற கல் வேறு, உங்கள் கையில் இருக்கும் கல் வேறு. அந்தச் சான்றிதழுக்குப் பொருந்தும்படி யாரோ ஒரு கல்லைப் பட்டை தீட்டி, எண்ணையும் பொறித்திருக்கிறார்கள். இது வக்கீலின் கற்பனை இல்லை. போலியாக எண் பொறித்த வளர்த்த கல் ஒன்றைப் பற்றி வைரங்களுக்குச் சான்றிதழ் தரும் அமெரிக்க நிறுவனமான ஜி.ஐ.ஏ.வின் ஆய்வகமே 2017-இல் எழுதியிருக்கிறது. நான்கு நாளில், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு சுத்தமாகப் பட்டறைக்காரரால் இதைச் செய்ய முடியுமா? எனக்கு நம்பிக்கை இல்லை. என் பார்வை கடைக்காரர் பக்கமே போகிறது. அவரும் ஏமாந்திருக்கலாம், யாரோ மொத்த வியாபாரி அவர் தலையில் கட்டியிருக்கலாம். பணத்தைத் திருப்பிக் கேட்கும் சிவில் வழக்கில் அது பொதுவாக அவரைக் காப்பாற்றாது. மோசடி என்று குற்றவழக்குப் போட்டால்தான் அவருக்குத் தெரிந்திருந்தது என்பதை நிரூபிக்க வேண்டும். எடுத்த எடுப்பில் அந்த வழிக்குப் போகாதீர்கள்.

இருந்தாலும் நோட்டீஸைக் கடை, பட்டறை இருவருக்கும் அனுப்புங்கள். வழக்கில் பட்டறைக்காரர் இல்லாவிட்டால், எல்லாப் பழியையும் இல்லாத ஆள் மேல் போடுவது கடைக்காரருக்குச் சுலபம். அளவு குறைக்கக் கொடுத்தபோது வாங்கிய சீட்டு, மோதிரத்தை அதற்கு முன் கிட்டத்தில் எடுத்த படம் ஏதாவது இருந்தால் தேடி எடுங்கள். பட்டறைக்குப் போகும் முன்பே இதே பட்டைகள் இருந்ததாக ஒரு படம் காட்டினால் பாதி வேலை முடிந்தது. காலவரம்பு நாட்டுக்கு நாடு மாறும். சில இடங்களில் விற்ற தேதியிலிருந்து எண்ணுவார்கள், சில இடங்களில் விஷயம் தெரியவந்த தேதியிலிருந்து. மூன்று வருடம் ஆகிவிட்டதால், நோட்டீஸ் எழுதும் முன்பே உள்ளூர் வக்கீலிடம் கேட்க வேண்டியது இதைத்தான்.

அப்புறம், கல்லைத் திரும்ப மோதிரத்தில் பதிக்காதீர்கள். ஆய்வகம் முத்திரையிட்ட உறையில் அப்படியே இருக்கட்டும். முதல் சான்றிதழ் கொடுத்த ஆய்வகத்துக்கே அனுப்பி, தங்கள் பதிவோடு ஒப்பிட்டுச் சொல்லக் கேளுங்கள். “ஒரு நிமிஷம் கொடுங்கள், பார்த்துவிட்டுத் தருகிறேன்” என்று கடைக்காரர் கேட்டால், உங்கள் எதிரில், சாட்சி வைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு காட்டுங்கள். கையில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.