மொபைல் கேமை எப்போது வெளியிடலாம்? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

ப்ளே ஸ்டோரில் எனக்கு இரண்டு சின்ன கேம்கள் இருக்கின்றன, மூன்றாவது பாதியில் நிற்கிறது. அந்த அனுபவத்தை வைத்துத்தான் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, இரண்டு வருடமாக ஒரு பசில் கேம் செய்கிறேன். 60 லெவல் முடிந்துவிட்டது. நூறு ஆன பிறகு வெளியிடலாமா?

தம்பி, முதல் லெவலையே தாண்டாதவருக்கு நூறாவது லெவல் எதற்கு? 60 தாராளம். அதைவிட, கேமைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவரிடம் போனைக் கொடுத்துவிட்டு வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்காருங்கள். என் முதல் கேமில் கட்டையை இழுத்து நகர்த்த வேண்டும். எதிர்வீட்டுப் பெண், எட்டாம் வகுப்பு, அதைத் தட்டிக்கொண்டே இருந்தாள், தட்டினாள், தட்டினாள், அப்புறம் "நல்லா இருக்குண்ணா" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். சொல்லிக்கொடுக்க நாக்கு துடித்தது. அன்று ராத்திரியே, இழுத்துக் காட்டும் ஒரு விரல் படத்தை முதல் லெவலில் வைத்தேன். இப்படி மூன்று பேர், உங்கள் உதவி இல்லாமல் விளையாடி, தாங்களாகவே அடுத்த லெவலுக்குப் போனால் கேம் தயார்.

கேள்வி: பக் (கோளாறு) எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டுத்தான் வெளியிட வேண்டுமா?

எல்லாம் என்றால் ஆயுசு போதாது. கேம் செய்பவர்களுக்கான கூகுளின் தளமான ப்ளே கன்சோல் ஒரு கோடு போட்டிருக்கிறது: ஒரு நாளில் விளையாடுபவர்களில் 1.09 சதவீதத்துக்கு மேல் கிராஷைச் (கேம் திடீரென்று மூடிக்கொள்வதை) சந்தித்தாலோ, 0.47 சதவீதத்துக்கு மேல் ஆப் உறைந்துபோவதைச் சந்தித்தாலோ, ஸ்டோரில் உங்கள் கேம் கண்ணில் படுவது குறையலாம். அதனால் கிராஷ், விளையாடிச் சேமித்தது (சேவ்) அழிவது, இந்த இரண்டிலும் சமரசம் கிடையாது. பட்டன் இரண்டு பிக்சல் தள்ளி நிற்பதெல்லாம் அப்புறம். வீட்டில் இருப்பதிலேயே பழைய 3 ஜிபி ரேம் போனை எடுத்து, விளையாட்டின் நடுவில் வேறு போனிலிருந்து அதற்குக் கால் பண்ணிப் பாருங்கள். பேசி முடித்துத் திரும்பினால் சத்தம் வருகிறதா, விட்ட இடத்திலேயே நிற்கிறதா? பாதி கேம்கள் இங்கேதான் மாட்டும்.

கேள்வி: ப்ளே ஸ்டோரில் வெளியிடும் முன் 12 டெஸ்டர் (சோதித்துப் பார்ப்பவர்) கேட்கிறார்களே, காசு கொடுத்து ஆள் பிடிக்கலாமா?

வேண்டாம். 2023 நவம்பர் 13-க்குப் பிறகு திறந்த தனிநபர் டெவலப்பர் கணக்கு என்றால் 12 பேர் தொடர்ந்து 14 நாள் டெஸ்டில் இருக்க வேண்டும். முதலில் 20 பேர் கேட்டார்கள், அப்புறம் குறைத்தார்கள். காசுக்கு வருபவர் இன்ஸ்டால் செய்துவிட்டு மறந்துவிடுவார். நண்பர்கள் என்றால் திட்டவாவது திட்டுவார்கள். அந்தத் திட்டு உங்களுக்கு மட்டும்தான் தெரியும், ஸ்டோர் ரேட்டிங்கில் ஏறாது.

கேள்வி: முதலில் ஐந்து சதவீதம் பேருக்கு மட்டும் விட்டுப் பார்க்கலாமா?

முதல் வெளியீட்டுக்கு அந்த வசதி இல்லை, அப்டேட்டுக்கு மட்டும்தான். பதிலாக ஒன்றிரண்டு நாடுகளில் மட்டும் திறந்து பார்க்கலாம்.

கேள்வி: ஐபோனிலும் ஒரே நாளில் விடலாமா?

ஆப்பிளின் மேக் கம்ப்யூட்டர் கையில் இருந்தால் யோசிக்கலாம். டெவலப்பர் கணக்குக்கு ஆண்ட்ராய்டில் ஒரே தடவை 25 டாலர், ஆப்பிளில் வருஷா வருஷம் 99. நான் இன்னும் அந்தப் பக்கம் போகவில்லை.

கேள்வி: யாராவது காப்பி அடித்துவிடுவார்களோ என்று பயம். அதனாலேயே யாருக்கும் காட்டவில்லை.

'த்ரீஸ்' என்ற எண் பசில் கேமை 14 மாதம் செதுக்கி 2014 பிப்ரவரியில் வெளியிட்டார்கள். அடுத்த மாதமே அதே சாயலில் '2048' இலவசமாக வந்து ஊரெல்லாம் பரவியது. நல்ல ஐடியா வெளியே வந்த பிறகு காப்பியை யாராலும் தடுக்க முடியாது. நீங்கள் ஒளித்து வைப்பதால் டெஸ்டர் கிடைக்காமல் போவதுதான் மிச்சம்.

கேள்வி: வரும் வெள்ளிக்கிழமை முகூர்த்த நாள், சாயந்திரம் வெளியிடலாமா சார்?

நானும் அப்படித்தான் ஒரு வெள்ளி சாயந்திரம் வெளியிட்டுவிட்டு ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் பஸ் ஏறினேன். சனிக்கிழமை பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது முதல் ரிவ்யூ: கேமை மூடித் திறந்தால் காயின் எல்லாம் பூஜ்யம். லேப்டாப் சென்னையில், நான் வாழையிலை முன்னால். திங்கள் காலை வரை ஒற்றை நட்சத்திரமாக விழுந்துகொண்டே இருந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் வெளியிடுங்கள் சார்.