எழுதியாயிற்று என்ற பதில்

அன்புள்ள ஐயா,

கணினியில் தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டி தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் எனக்கு ஃபர்ம்வேர், அதாவது சாதனத்துக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் மென்பொருள், எழுதும் வேலை கிடைத்திருக்கிறது. "கொடுத்ததை வாங்கி வைத்து, கேட்டால் திருப்பித் தரும் பெட்டி அது. அதற்குள் எழுத என்ன இருக்கிறது?" என்கிறார்கள் நண்பர்கள். நீங்கள் அந்தத் துறையில் இருந்தவர். சேரலாமா?

க.

அன்புள்ள க.,

எஸ்எஸ்டிக்குள் தரவு இருப்பது நாண்ட் ஃபிளாஷ் என்ற சிப்பில். அதில் ஒருமுறை எழுதிய பக்கத்தின் மேல் மறுபடி எழுத முடியாது. அழித்தாக வேண்டும். அழிப்பதென்றால் நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட ஒரு பிளாக்கையே அழிக்க வேண்டும். அதனால் கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் ஃபர்ம்வேர் புதியதை வேறிடத்தில் எழுதி, எது எங்கே இருக்கிறது என்று ஓர் அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. 4 கேபிக்கு 4 பைட் என்று வைத்தால், 1 டிபி சாதனத்துக்கு அந்த அட்டவணை மட்டுமே சுமார் 1 ஜிபி! செல்லாத பிரதிகளைக் கூட்டித் தள்ளுவது, எல்லா பிளாக்குகளும் சமமாகத் தேயும்படி பார்த்துக்கொள்வது எல்லாம் இதோடு வரும். சில மாதங்களில் பிடிபட்டுவிடும்.

பிடிபட வருடங்கள் ஆவது, திடீரென்று மின்சாரம் போகும் அந்தக் கணம். ஹோஸ்ட், அதாவது சாதனம் பொருத்தப்பட்ட கணினி, "தந்ததையெல்லாம் நிரந்தரமாக எழுதிவிடு" என்று ஃபிளஷ் கட்டளை அனுப்புகிறது. "எழுதியாயிற்று" என்று சாதனம் பதில் சொல்கிறது. அதை நம்பித்தான் டேட்டாபேஸ் யாரோ ஒருவரிடம் "பணம் போய்ச் சேர்ந்தது" என்று சொல்கிறது. அடுத்த கணமே மின்சாரம் போனாலும் அந்தப் பதில் பொய்யாகக் கூடாது.

ரிலே என்ற மின்சுவிட்ச் வைத்து ஆயிரக்கணக்கான முறை மின்சாரத்தைத் துண்டித்துப் பார்ப்போம். ஒருமுறை, பல நாள் ஓடிய சோதனையில் ஒரே ஒரு செக்டார், தரவின் ஒரு சிறு துண்டு, தவறியது. அதிலிருந்த தரவு சிதையவில்லை. முந்தைய தரவு அப்படியே திரும்பி வந்திருந்தது. சிதைந்திருந்தால், பிழையைக் கண்டுபிடிக்கும் ஈசிசி குறியீடு காட்டிக்கொடுத்திருக்கும். செல்லாத பிரதிகளைக் கூட்டித் தள்ளும் கார்பேஜ் கலெக்ஷன் பழைய பிரதியை இடம் மாற்றிய அதே நேரத்தில் ஹோஸ்ட் புதியதை எழுதியிருக்கிறது. மீண்டும் உயிர்பெற்றபோது மாற்றங்களைப் பதிந்துவைக்கும் லாக்கில் இருந்த இரண்டு குறிப்புகளில் பழையதையே ஃபர்ம்வேர் பிந்தையது என்று எடுத்துக்கொண்டது. கண்டுபிடிக்க 2 வாரம் ஆனது. திருத்தியது ஒரு வரி.

2019இல், இயங்கிய நேரம் 32,768 மணியைத் தொட்டதும் சில எஸ்எஸ்டிகள் செயலிழந்துவிடும் என்று தெரியவந்து, அவசரமாகப் புது ஃபர்ம்வேர் வந்தது. அது 2-இன் 15ஆம் அடுக்கு; மணியை எண்ணும் இடம் அதோடு நிரம்பியிருக்க வேண்டும். ஒன்றாகப் பொருத்திய டிஸ்குகள் ஒரே நாளில் போகும். ஒரு டிஸ்க் போனாலும் மற்றவற்றிலிருந்து தரவை மீட்கும் ரெய்டு ஏற்பாடு இருந்தும் காப்பாற்றாது.

சேருங்கள். சேர்ந்த முதல் வாரமே, மின்துண்டிப்புச் சோதனை ஓடும் மேசையருகே உட்கார அனுமதி கேளுங்கள்.